கோலம் பிக்ஸல் இல்ல சாமி, ஆளை விடுங்க!

மறுபடியும் வந்துடுச்சுங்க. மார்கழி பொறந்தா குளிர் வருதோ இல்லியோ, அந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டு வந்துடுது. இடது பக்கம் ஒரு சிக்குக் கோலம். வலது பக்கம் பிளாஸ்டிக் மணியில செஞ்ச மரியோ பொம்மை. நடுவுல ஒரு சமக்குறி. கீழே, வெள்ளைக்காரன் நேத்துக் கண்டுபிடிச்ச பிக்ஸல் ஆர்ட்டை நம்ம ஆயா ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே வாசல்ல போட்டுட்டாங்கன்னு நாலு வரி வீர வசனம். தமிழனா இருந்தா பகிரணுமாம்.

நானும் தமிழன்தான். பகிரல. நாலு வருஷமா இந்த மணியை ஒவ்வொண்ணா அடுக்கி, இஸ்திரி போட்டு, விரல் நுனியைச் சுட்டுக்கிட்டு இருக்கிறவன்ங்கிற உரிமையில சொல்றேன்: கோலம் வேற, இது வேற. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்றதுல பெருமை ஒண்ணும் இல்ல. ரெண்டையும் உட்கார்ந்து பார்க்காத சோம்பேறித்தனம்தான் இருக்கு. அந்தச் சோம்பேறித்தனத்தால எங்க வீட்டுப் புள்ளை ஒண்ணு அழுதுச்சு. அந்தக் கதைக்குப் பிறகு வர்றேன்.

முதல்ல, இது என்ன சமாச்சாரம்னே தெரியாத மக்களுக்காக. 5 மி.மீ. உயரம், 5 மி.மீ. அகலத்துல குட்டிக் குழாய் மாதிரி பிளாஸ்டிக் மணி. பாலிஎத்திலீன். வரிசையா முள் வெச்ச ஒரு பிளாஸ்டிக் பலகை, பெக் போர்டும்பாங்க. சதுரப் பலகைன்னா வழக்கமா 29க்கு 29, ஆக 841 முள். ஒவ்வொரு முள்ளுலயும் ஒரு மணியைச் சொருகிப் படம் வரணும். வந்ததும் மேல பட்டர் பேப்பர் போட்டு, நடுத்தரச் சூட்டுல, ஸ்டீம் இல்லாம, வட்டம் வட்டமா இஸ்திரிப் பெட்டியை ஓட்டணும். மணியோட விளிம்பு உருகிப் பக்கத்து மணியோட ஒட்டிக்கும். திருப்பிப் போட்டு இன்னொரு தடவை. அப்புறம் சூடு ஆறுறவரைக்கும் மேல ஒரு தடி புத்தகம். (தமிழ் அகராதி இதுக்கு ரொம்பப் பொருத்தம்.) 1960-கள் வாக்குல ஸ்காண்டிநேவியப் பக்கம் கிளம்பினது. டென்மார்க்ல ஹமா, அமெரிக்காவுல பெர்லர், சீனாவுல ஆர்ட்கல்னு ஆளுக்கொரு கம்பெனி. கரண்ட் போனா இஸ்திரி நிக்கும், ஃபேன் ஓடினா பட்டர் பேப்பர் பறக்கும். அதனால கடலூர் வெயில்ல ஃபேனை நிறுத்திட்டு வேர்வையில குளிச்சுக்கிட்டே செய்யற பொழுதுபோக்கு இது. வேண்டுதல் மாதிரி.

சரி, மேட்டருக்கு வருவோம்.

கோலத்துல புள்ளி எதுக்கு வைக்கிறோம்? கோட்டுக்கு வழி காட்ட. சிக்குக் கோலத்துல கோடு புள்ளியைத் தொட்டாலே தப்பு. புள்ளியைச் சுத்தி வளைஞ்சு, நெளிஞ்சு, தன்னையே குறுக்கால வெட்டிக்கிட்டு, கிளம்பின இடத்துக்கே வந்து சேரணும். கடைசிவரைக்கும் புள்ளி தனியா நின்னு வேடிக்கை பார்க்கும். கோடுதான் கோலம். மணியில இது அப்படியே தலைகீழ். கோடுன்னு ஒண்ணே கிடையாது. புள்ளிதான் படம். புள்ளியை எடுத்துட்டா ஒண்ணுமே மிஞ்சாது.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு முக்கியமாப் படுது. கோலத்துக்கு வரிசை உண்டு. கை எங்க ஆரம்பிச்சுது, எந்தப் பக்கம் திரும்புச்சு, எங்க போய் முடிஞ்சுதுங்கிறதுதான் கோலமே. நல்லாப் போடுற பெண்களைக் கேட்டுப் பாருங்க, படத்தை மனசுல வெச்சுக்கிட்டு போடுறதாச் சொல்ல மாட்டாங்க. இங்க ஒரு வளைவு, அங்க ஒரு திருப்பம்னு கை போற போக்கைத்தான் சொல்லுவாங்க. பாட்டு மாதிரி, நடுவுல விட்டா மறுபடி முதல்லேர்ந்துதான். மணிக்கு அந்தக் கவலை கிடையாது. மேல் மூலையில ஆரம்பிக்கலாம், கீழ் மூலையில ஆரம்பிக்கலாம், முதல்ல கறுப்பை முழுக்க வெச்சுட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை சிவப்பை வைக்கலாம். நடுவுல ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டும் வரலாம். அது பாட்டுக்குக் கட்டிலுக்கு அடியில கிடக்கும்.

நம்பலேன்னா சிக்குக் கோலத்தைப் பலகையில ஏத்திப் பாருங்க. புள்ளிக்கும் புள்ளிக்கும் நாலு முள் தூரம் வெச்சா 29 முள் பலகையில வரிசைக்கு ஏழு புள்ளிதான் அடங்கும். அந்த ஏழுலயும் வளைவெல்லாம் படிக்கட்டு. மாவு விரல் சந்துல வழிஞ்சு இறங்குற அந்தக் குழைவு போயே போச்சு. எங்கேர்ந்து பார்த்தாலும் பாத்ரூம் டைல்ஸ் மாதிரியே இருக்கும்.

கணக்குத் தெரிஞ்ச ஆளுங்க உடனே கையைத் தூக்குவாங்க, தெரியும். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூணு பேரும் கோலத்தை வெச்சே கணினிப் பட மொழிகளைப் பத்தி 1974-ல கட்டுரை எழுதியிருக்காங்களேன்னு. எழுதினாங்க, பெரிய வேலை. உலகத்துல பட இலக்கணம் பேசுறவங்க இன்னிக்கும் எடுத்துக் காட்டுறாங்க. ஆனா அதைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. அவங்க கட்டத்துல வெச்சது நிறத்தை இல்ல, கோலத்தோட துண்டுகளைக் குறிக்கிற குறியீடுகளை. அந்தத் துண்டுகள் எந்த விதிப்படி ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து வளருதுங்கிறதுதான் விஷயமே. இலக்கணம்னுதான் பேரு வெச்சாங்க. அதாவது கோலத்தை அவங்க ஒரு மொழியாப் பார்த்தாங்க. நம்ம ஃபார்வர்டு ஆளுங்க அதைப் புள்ளிக் குவியலாப் பார்க்கிறாங்க. யார் கோலத்துக்கு மரியாதை பண்ணினாங்கன்னு நீங்களே சொல்லுங்க.

நியாயத்துக்கு ஒண்ணு ஒத்துக்கணும். 15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரைன்னு வைக்கிறோமே, அதைக் கூட்டிப் பாருங்க. நடுவுல 15, ரெண்டு பக்கமும் 14, 13ன்னு குறைஞ்சு 8. மொத்தம் 169. பக்கத்துக்கு 8 புள்ளி வர்ற அறுகோணம். மணி விக்கிற கம்பெனிக்காரன் அறுகோணப் பலகைன்னு ஒண்ணு விக்கிறான், அதுலயும் முள் இதே ஊடுபுள்ளி வரிசைதான். நேர்ப்புள்ளின்னா சதுரப் பலகை, ஊடுபுள்ளின்னா அறுகோணப் பலகை. அழகான பொருத்தம், எனக்கே சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா பலகை ஒத்துப்போனா ஆட்டம் ஒத்துப்போயிடுமா? தாயக்கட்டமும் கட்டம்தான், சதுரங்கமும் கட்டம்தான். தாயம் போட்டு ராஜாவை வெட்ட முடியுமா?

இப்ப சிதம்பரத்துக்கு வாங்க. ஆருத்ரா தரிசனத்துக்கு முந்தின நாள் தேர். மூலவரே சபையை விட்டு இறங்கித் தேரேறி வர்ற ஊர். கீழவீதி, தெற்குவீதி, மேலவீதி, வடக்குவீதின்னு தேரோடுற நாலு வீதியிலயும் வாசலுக்கு வாசல் கோலம், வீட்டை விடக் கோலம் பெருசா. ராத்திரியெல்லாம் குனிஞ்சு போட்டது. விடிஞ்சா அது மேலயே தேர்ச் சக்கரம் ஏறும், வடம் பிடிக்கிற கூட்டம் மிதிக்கும், கலர்ப்பொடியெல்லாம் காலோட போயிடும். போட்டவங்க முகத்துல வருத்தம் இருக்காது. அழியறதுக்குன்னே போட்டதுதானே. நாளைக்கு வாசல் தெளிச்சா வேற கோலம்.

மணியோ உருக்கி ஒட்டின பிளாஸ்டிக். மக்காது, கரையாது. என் பேரன் காலத்துலயும் அலமாரியில அப்படியே இருக்கும். (நல்லதான்னு கேட்டா, இல்லதான். அதனாலதான் யோசிச்சுச் செய்யணும்னு சொல்றேன், கண்டதையும் பார்த்துக் காப்பியடிச்சு ஒட்டித் தள்ளாம.) வேடிக்கை என்னன்னா, ஃபிளாட் வாசல்ல ஸ்டிக்கர் கோலம் ஒட்டினா பண்பாடு செத்துப்போச்சுன்னு பொங்குற அதே அண்ணாச்சிங்கதான், மணியில கோலம் செஞ்சு ஃபோட்டோ போட்டா நம்ம பாரம்பரியம்னு கைதட்டுறாங்க. ரெண்டும் பிளாஸ்டிக்தானே அண்ணாச்சி?

சரி, வாயால பெருமை பேசுறதுல யாருக்கு என்ன நஷ்டம்னு கேக்கலாம். இப்ப அந்தக் கதை.

கடலூர்ல ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சி. பேர் வேண்டாம். என் அக்கா பொண்ணு, ஏழாவது படிக்கிறா. நான் செய்யறதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் தொத்திக்கிச்சு. முதுநகர் துறைமுகத்துல கட்டிக் கிடக்கிற ஃபைபர் படகு ஒண்ணைச் செய்யறேன்னு கிளம்பினா. நாலு பலகை சேர்த்து 58க்கு 58, மொத்தம் 3364 மணி. நெட்லேர்ந்து சார்ட் எடுக்கல. கட்டம் போட்ட கணக்கு நோட்டுல ரெண்டு வாரம் அழிச்சு அழிச்சு அவளே வரைஞ்சா. தண்ணிக்கு மூணு நீலம். படகோட மஞ்சள் நிறம் தண்ணியில விழுந்து ஆடுதே, அதை எப்படிக் காட்டுறதுன்னு ரெண்டு நாள் முழிச்சா. அப்புறம் தானா கண்டுபிடிச்சா: மஞ்சளை ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை வைக்கிறது, கீழ இறங்க இறங்க ஒரு மணி இந்தப் பக்கம், ஒரு மணி அந்தப் பக்கம் தள்ளுறது. தள்ளி நின்னு பார்த்தா தண்ணி ஆடுது. நான் சொல்லிக் குடுக்கல, எனக்கே அது தெரியாது.

நடுவர்கள் வந்தாங்க, பார்த்தாங்க. இதுல நம்ம பாரம்பரியம் எங்கம்மா இருக்குன்னு கேட்டாங்க. அவ முழிச்சா. பக்கத்து மேசையில மணியில செஞ்ச சிக்குக் கோலம், நெட்ல கிடைக்கிற சார்ட்டை முள்ளுக்கு முள் பார்த்து வெச்சது. கீழே பாரம்பரியப் பிக்ஸல் கலைன்னு ஒரு அட்டை. முதல் பரிசு அட்டைக்கு. செஞ்ச புள்ளையைக் குத்தம் சொல்லல, அதுக்கு வீட்டுல அப்படிச் சொல்லிக் குடுத்திருக்காங்க. எங்க வீட்டுப் புள்ளை ராத்திரி அழுது முடிச்சுட்டுக் கேட்டுச்சு, ஏன் மாமா, படகு நம்ம பாரம்பரியம் இல்லையான்னு. துறைமுகத்து ஊர்ல பொறந்த புள்ளை கேக்குற கேள்வியா இது? கேக்க வெச்சது யாரு? நடுவர்கள் கையிலயும் அந்த ஃபார்வர்டு இருந்திருக்கும்னுதான் நான் நினைக்கிறேன்.

இந்த மணி வேலைக்கு ஒரு தாத்தாவைக் காட்டியே ஆகணும்னு அடம்பிடிச்சா, ஆள் இருக்கு. வாசல்ல தேடாதீங்க. குறிஞ்சிப்பாடிக்குப் போங்க. கைத்தறிக் கைலிக்குப் பேர்போன ஊர், நம்ம மாவட்டம்தான். பாவுல எத்தனை இழை சிவப்பு, எத்தனை இழை நீலம், ஊடையில எத்தனைன்னு எண்ணி எண்ணித்தான் கட்டம் விழும். பாவும் ஊடையும் சந்திக்கிற ஒவ்வொரு இடத்துலயும் எந்த நூல் மேல, எந்த நூல் கீழங்கிறது ஒரு முடிவு. பட்டுல பூ வேணும்னா கிராஃப் தாளுல கட்டம் கட்டமா நிரப்பி, அதைப் பார்த்து அட்டையில ஓட்டை அடிச்சு ஜக்கார்டுல மாட்டுவாங்க. அந்த அட்டை எந்திரத்தை பிரான்ஸ்ல ஜக்கார்டு கொண்டுவந்தது 1804-ல. அதே அட்டையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன்னோட கணக்கு எந்திரத்துக்கு எடுத்துக்கிட்டார். கட்டத்துக்கு ஒரு முடிவு, முடிவெல்லாம் சேர்ந்து ஒரு படம். பிக்ஸல்னா இதுதானே? தறிதான் தாத்தா.

ஆனா கைலியை யாரும் ஃபார்வர்டு பண்ண மாட்டாங்க. கைலி கட்டுறவன் பாரம்பரியத்துல வரமாட்டான் போல. கோலம்னா மார்கழி, மல்லிப்பூ, மங்களகரம். கைலின்னா டீக்கடை. எண்ணி எண்ணிக் கண்ணு போன நெசவாளியைப் பிக்ஸல் கலைஞன்னு எழுத ஒருத்தருக்கும் கை வரல. இதுல உள்ள அரசியலை நான் வேற சொல்லணுமா?

மணின்னு எடுத்தாலும் நமக்குச் சொல்ல விஷயம் இருக்கு. கடலூர்லேர்ந்து பாண்டிச்சேரி போற வழியில அரியாங்குப்பம் ஆத்தோரம் அரிக்கமேடு. 1945-ல வீலர் தோண்டினது. அங்க செஞ்ச கண்ணாடி மணி எப்படின்னா, உருகின கண்ணாடியை உள்ளே ஓட்டையோட நீளக் குழாயா இழுப்பாங்க. குழாயைப் பொடிப்பொடியா வெட்டுவாங்க. வெட்டின துண்டை மறுபடி சூடு காட்டி, கூர் முனையை மழுக்குவாங்க. இந்த வகை மணி கிழக்கு ஆப்பிரிக்கக் கரைலேர்ந்து கொரியா, ஜப்பான் வரைக்கும் கிடைச்சிருக்கு. ஆந்திராவுல பாப்பாநாயுடுபேட்டையில 20-ஆம் நூற்றாண்டுலயும் இதே முறையில இழுத்திருக்காங்க. பரங்கிப்பேட்டைப் பக்கம் மணிக்கொல்லைன்னு ஒரு ஊர், ஆய்வாளர்கள் அதையும் மணி செஞ்ச இடமாத்தான் எழுதறாங்க. ஊர் பேரே சொல்லுது. இப்ப நம்ம பிளாஸ்டிக் மணியைக் கையில எடுத்துப் பாருங்க. குழாயா இழுத்து, துண்டு துண்டா வெட்டினது. கடைசியில சூடு காட்டுறது மட்டும் நம்ம வீட்டு இஸ்திரிப் பெட்டி. இழு, வெட்டு, சுடு. சம்பந்தம் இங்க இருக்குய்யா, கண்ணுக்கு முன்னாடி! அதுக்கும் தாத்தா பேரன் உறவு கொண்டாட நான் வரல. ஸ்காண்டிநேவியாக்காரன் அரிக்கமேட்டைப் பார்த்துச் செய்யல. ஒரே வேலைக்கு ரெண்டு ஊர்ல ஒரே வழி தோணியிருக்கு. அந்த ஆச்சரியம் போதாதா, சமக்குறி வேற போடணுமா?

அப்ப இதுல கலை எங்க இருக்குன்னு கேக்கிறவங்களுக்கு. மரியோவுக்கு ஏன் மீசைன்னு தெரியுமா? 1981-ல டாங்கி காங் ஆட்டத்துக்கு மியாமோட்டோ அந்த உருவத்தை வரையும்போது இருந்த கட்டங்கள் ரொம்பக் குறைச்சல். வாய் வரைய இடம் இல்ல, மூக்குக்குக் கீழ மீசையை வெச்சார். தலைமுடி வரையறது கஷ்டம், தொப்பியைப் போட்டார். கை ஆடுறது தெரியணும்னு சட்டைக்கு ஒரு நிறம், மேலங்கிக்கு ஒரு நிறம். இல்லாமையிலேர்ந்து பொறந்த மூஞ்சி அது.

அதே மாதிரி நம்ம நடராஜரை ஒரே பலகையில, 29க்கு 29ல கொண்டுவர முயற்சி பண்ணுங்க, அப்பத் தெரியும். திருவாசி வட்டமே ஓரம் முழுக்க எடுத்துக்கும். 29 ஒத்தைப்படைங்கிறதால நடு முள்ளுன்னு ஒண்ணு இருக்கு, அது ஒரு புண்ணியம், வட்டம் சரியா உக்காரும். உள்ளே ஆளுக்கு மிச்சம் இருக்கிறது 25 முள்ளுகூட முழுசா இல்ல. முகத்துக்கு மூணு முள். மூணு முள்ளுல கண்ணு, மூக்கு, சிரிப்பு எல்லாம் கனவுதான். முகத்தை வெறும் நிறமா விட்டுடு. நாலு கையில உடுக்கையும் தீயும் ரெண்டு ரெண்டு மணி, மத்த ரெண்டு கை ஒத்தை வரிசை. முயலகனுக்கு அஞ்சு மணி, பாவம். ஆனா தூக்கின இடது கால் இருக்கே, அதை மட்டும் விட முடியாது. பக்கவாட்டுல ரெண்டு முள், மேல ஒரு முள்ளுன்னு ஏத்தினாத்தான் அந்தச் சாய்வு வருது. ஒண்ணுக்கு ஒண்ணுன்னு ஏத்தினா உதைக்கிற மாதிரி இருக்கு. ஒரு மணி தள்ளி வெச்சதுல ஆட்டம் நின்னு சண்டை ஆயிடுது. இந்த வேலையை நெட்ல சார்ட் வாங்கினவன் யாராவது பண்ணுவானா? எதை விடுறதுங்கிற முடிவை வேற எவனோ பண்ணிட்டான். இவன் சொருகுறான், அவ்வளவுதான். அந்த 3364ல எங்க வீட்டுப் புள்ளை பண்ணின முடிவு எத்தனைன்னு நடுவர்களுக்குத் தெரியுமா?

கடைசியா ஒரு ரெண்டு வார்த்தை, கோலப் பெருமைக்காரங்க வீட்டுக்கே. உங்க அம்மாவோட கோல நோட்டு இப்ப எங்க இருக்கு? பழைய நோட்டுல பேனாவால புள்ளி வெச்சு, ஓரத்துல 15-8 ஊடுபுள்ளின்னு எழுதி, எந்தப் பொங்கலுக்கு எந்த வீட்டுக்காரம்மாகிட்ட கத்துக்கிட்டதுன்னு குறிச்சு வெச்சிருப்பாங்களே. நான் விசாரிச்ச வீடுகள்ல பாதி, பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போயிருக்கு. எந்தக் கோடு எங்க திரும்பணும்னு அந்த அம்மாகிட்ட ஒரு நாள் பக்கத்துல உக்காந்து கேட்டவங்க எத்தனை பேர்? மரியோவுக்குப் பக்கத்துல ஒட்டுறதுக்கு மட்டும் கோலம் வேணும்.

நோட்டு இன்னும் வீட்டுல இருந்தா, மணியில ஒட்டித் தொலைக்காதீங்க. ஸ்கேன் பண்ணி வையுங்க. போடுற கையை வீடியோ எடுங்க. முழுப் படத்தை இல்ல, கையை. அது திரும்புற வரிசையை.

அக்கா பொண்ணு இப்பக் குறிஞ்சிப்பாடிக் கைலி ஒண்ணை வெச்சுக்கிட்டு இழை எண்ணிக்கிட்டு இருக்கா. பாவுல 4, ஊடையில 6ன்னு ஏதோ கணக்கு ஓடுது. கரு நீலம் தீர்ந்துபோச்சு, பார்சலுக்குக் காத்திருக்கோம். மாற்றுக் கருத்து இருக்கிறவங்க தாராளமா வாங்க, கும்மி அடிக்கலாம். வரும்போது கணக்கு நோட்டுல 29க்கு 29 கட்டம் போட்டு, உங்க தெருவுல இருக்கிற ஏதாவது ஒண்ணை நீங்களே வரைஞ்சு எடுத்துட்டு வாங்க. ஃபார்வர்டு வேண்டாம்.